போட்டி நடத்திய அனுபவத்தைப் படிப்புக்கும் வேலைக்கும் எப்படிக் காட்டுவது?

பனிமூட்டம் (கோத்தகிரி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் உதகமண்டலத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும்போது முழங்காலில் அடிபட்டதால் ஓடுவதை நிறுத்திவிட்டேன். மைதானத்தை விட்டு வர மனமில்லாமல், எங்கள் பி.டி. மாஸ்டர் அழைத்த போட்டிகளுக்கெல்லாம் வேலை செய்யப் போய்வந்தேன். குறுவட்டப் போட்டிகள், வருவாய் மாவட்டப் போட்டிகள், எங்கள் பக்கத்து ஊர்களில் நடக்கும் கால்பந்துத் தொடர்கள் என்று நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 40 நாள்கள் இருக்கும். செஸ்ட் நம்பர் கொடுப்பது, ஹீட்ஸ் (இறுதிக்கு முந்தைய தகுதி ஓட்டங்கள்) பிரிப்பது, அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டுப் பிள்ளைகளைத் திரட்டுவது, முடிவுக் கோட்டில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, மாலையில் முடிவுத்தாள் எழுதுவது எல்லாம் செய்திருக்கிறேன்.

இப்போது விளையாட்டு மேலாண்மையில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். விண்ணப்பத்தில் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று வென்றவர்களுக்கும் ஆடியவர்களுக்கும் மட்டுமே கட்டங்கள் இருக்கின்றன. என்னிடம் இருப்பவையோ ‘சிறப்பாகப் பங்கேற்றார்’ என்று அச்சிட்ட இரண்டு சான்றிதழ்கள். அவற்றிலும் ஒன்றில் என் பெயர் தவறு. சென்ற மாதம் ஒரு நேர்காணலில், குழுவாகப் பணியாற்றிய அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். “போட்டிகளில் உதவி செய்திருக்கிறேன்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

விளையாட்டு இட ஒதுக்கீட்டில் எனக்கு ஏதாவது வழி உண்டா? இந்த நாள்களைப் படிப்பில் மதிப்பலகாக, அதாவது கிரெடிட்டாகக் கணக்கிட முடியுமா? இவற்றை எப்படி எழுதினால் படிப்பவர் நின்று பார்ப்பார்?

பழைய விசில் (குன்னூர்) எழுதியது:

மகளே, 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் உள்ள 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு ஆடியவர்களுக்கும் வென்றவர்களுக்கும் உரியது. போட்டியை நடத்தியவர்களுக்கு அதில் இடம் இல்லை. அந்தக் கதவைத் தட்டி நாளை வீணாக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேர்காணலில் உங்களைக் கவிழ்த்தது ‘உதவி’ என்ற சொல். நாற்காலி எடுத்துப் போட்டவரும் உதவி செய்தவர்தான், ஸ்டாப்வாட்ச் பிடித்தவரும் உதவி செய்தவர்தான். ஸ்டாப்வாட்ச் வேலை என்னவென்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. கையால் நேரம் எடுக்கும்போது, ஒரு வீரருக்கு மூன்று கடிகாரங்கள் மூன்று நேரம் காட்டினால் நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும். இரண்டு ஒத்துப்போனால் அதுவே அதிகாரப்பூர்வ நேரம். இரண்டே கடிகாரங்கள் இருந்து அவை மாறுபட்டால் கூடுதலானதை எடுக்க வேண்டும். 12.31 விநாடி என்று வந்தால், அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்தி 12.4 என்றுதான் எழுத வேண்டும், 12.3 அன்று. பிள்ளையின் தந்தை பின்னால் நின்று சத்தம் போட்டாலும் இதில் வழுவக் கூடாது. விதியைக் கற்று, நெருக்கடியில் அதைக் கடைப்பிடித்து, எழுத்தில் பதிந்து, அதற்குப் பொறுப்பேற்கும் திறன் இது. ஆனால், இதை நீங்கள் சொன்னால்தானே மற்றவருக்குத் தெரியும்?

ஆகவே ஒரு நீளமான கணக்கு நோட்டை வாங்குங்கள். தேதி, போட்டி, அன்று உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை வீரர்கள், நீங்களாக எடுத்த முடிவு ஏதாவது இருந்தால் அது, கடைசியில் அன்று மேற்பார்த்தவரின் கையொப்பம். சான்றிதழை நம்பியிருக்காதீர்கள். அது போட்டி தொடங்கும் முன்பே கட்டுக்கட்டாக அச்சாகி வருவது. நீங்கள் வந்தீர்கள் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. (நானே ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், யாருக்கு எதற்கு என்று பாதி நினைவில்லை.)

இந்தத் துறையிலேயே நிற்க விரும்பினால், தடகளத்தில் தொழில்நுட்ப அலுவலர் தேர்வும், கால்பந்தில் நடுவர் தேர்வும் இருக்கின்றன. ஆடாதவர்களும் எழுதலாம். அதில் தேறினால் உங்கள் கையில் உள்ளது பங்கேற்புத் தாள் அன்று, தகுதி.

மலையிறங்கியவர் (கோயம்புத்தூர்) எழுதியது:

நான் அரவேணுவில் வளர்ந்து இப்போது கோவையில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ‘தலைமைப் பண்பு’, ‘நேர மேலாண்மை’, ‘குழு உணர்வு’ ஆகிய சொற்கள் எங்கள் மேசைக்கு வரும் எல்லாத் தாள்களிலும் இருக்கின்றன. கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். “ஒரே நாளில் இத்தனை பள்ளிகளின் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்து, இத்தனை ஹீட்ஸ் பிரித்து, அன்று மாலையே முடிவுத்தாளைக் கொடுத்தேன்” என்று எழுதினால் கண் நிற்கும். அதற்கு அடுத்த கேள்வியை நாங்களே கேட்போம். ‘பொழுதுபோக்குகள்’ என்ற தலைப்பின் கீழே புதைக்காமல், ‘பணி அனுபவம்’ என்பதன் கீழே, ஊதியமற்ற பணி என்று நேர்மையாகக் குறித்து எழுதுங்கள்.

கிரெடிட் பற்றி: 2023 ஏப்ரலில் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட் என்பது கணக்கு. விளையாட்டும் சமூகப் பணியும் அனுபவக் கற்றலும் அதற்குள் வருகின்றன. ஆனால் மதிப்பீடு நடந்தால்தான் கிரெடிட். மணிக்கணக்கைக் காட்டினால் மட்டும் கிடைக்காது. எல்லாக் கல்லூரிகளிலும் இது நடைமுறையில் இல்லை என்பதால், உங்கள் துறைத்தலைவரிடம் நேரில் கேட்பதே வழி. நீங்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தால், இரண்டு ஆண்டுகளில் முடிக்க வேண்டிய 240 மணி நேரத்தில் போட்டிப் பணியையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று திட்ட அலுவலரிடம் கேளுங்கள். அதையும் வேலைக்குப் போகும் முன்பே கேட்க வேண்டும். முடிந்த பிறகு போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சோலைக்குருவி (கூடலூர்) எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எங்கள் ஊரில் கால்பந்துத் தொடர் நடந்தால் ஊரே வேலை செய்யும். சுண்ணாம்புக் கோடு போட்டவர் எவரும் நோட்டில் கையெழுத்துக் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு என்று வந்தால், வேலை செய்யாமல் மணிக்கணக்கு மட்டும் வாங்கும் கூட்டம்தான் பெருகும். கல்லூரியில் அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

தூரதேசத்து ஊட்டிக்காரர் (ஜெர்மனி) எழுதியது:

குருவியாரின் அச்சம் நியாயமானது. அதனால்தான் ஐரோப்பாவில் மணிக்கணக்கோடு நிறுத்தவில்லை. 2012 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மன்றம் தந்த பரிந்துரை, பள்ளி கல்லூரிக்கு வெளியே கற்றதை ஏற்பதற்கு நான்கு படிகளைச் சொல்கிறது: என்ன கற்றோம் என்று இனங்காணுதல், அதை ஆவணப்படுத்துதல், மதிப்பிடுதல், கடைசியாகச் சான்றளித்தல். நம் ஊரில் நான்காவது படியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். இங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் இளைஞர் திட்டங்களில் பங்கெடுப்போருக்கு ‘யூத்பாஸ்’ என்ற சான்று 2007 முதல் வழங்கப்படுகிறது. என்ன கற்றேன் என்பதைப் பங்கேற்றவரே, உடன் இருந்தவர்களோடு பேசிப் பார்த்து, தம் சொற்களில் எழுத வேண்டும். வேலை செய்யாதவருக்கு எழுத ஒன்றும் இருக்காது.

பனிமூட்டம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நோட்டை எடுத்து நினைவில் உள்ளதை எழுதத் தொடங்கினேன். நானாக எடுத்த முடிவு என்ற இடத்தில் வெகுநேரம் பேனா நகரவில்லை. பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உதகையில் 100 மீட்டர் ஹீட்ஸ் நடந்தது. முதல் ஹீட்டின்போது மூட்டம் இறங்கி, புறப்படும் இடமே தெரியவில்லை. துப்பாக்கியின் புகையைப் பார்த்துத்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். புகை தெரியாததால் நாங்கள் சத்தத்தைக் கேட்டு அழுத்தினோம். இரண்டாவது ஹீட்டுக்குள் மூட்டம் விலகிவிட்டது. 100 மீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும் என்பதால், முதல் ஹீட்டில் ஓடியவர்களின் நேரம் அந்த அளவுக்குக் குறைவாகப் பதிவாகியிருக்கும். இறுதிக்கு நேரத்தை வைத்து ஆள் எடுக்கவிருந்தார்கள். இரண்டு ஹீட்ஸையும் சேர்த்து ஒப்பிட்டால் இரண்டாவதில் ஓடியவர்களுக்கு அநியாயம் என்று தலைமை நடுவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, ஒவ்வொரு ஹீட்டிலும் முதல் நான்கு பேரை எடுப்பது என்று மாற்றினார். இதை எழுதலாமா? கையெழுத்து இல்லாத பழைய நாள்களை என்ன செய்வது?

பழைய விசில் எழுதியது:

எழுதலாமா என்றா கேட்கிறீர்கள்? விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கடிதத்தில் முதல் பத்தியே இதுதான். ஒன்றை மட்டும் திருத்துங்கள்: முடிவை மாற்றியவர் தலைமை நடுவர், கண்டுபிடித்துச் சொன்னவர் நீங்கள். அப்படியே பிரித்து எழுதினால் நம்புவார்கள்.

பழைய நாள்களுக்கு இப்போது யாரிடமும் முன்தேதியிட்டுக் கையெழுத்து வாங்காதீர்கள். அந்தத் தலைமை நடுவரைத் தேடிப் போய், நடந்ததை நினைவூட்டி, இன்றைய தேதியிலேயே ஒரு பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். முடிவுத்தாள்கள் உங்கள் கையெழுத்தில் இருந்தால், போட்டியை நடத்திய பள்ளியில் கேட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த குறுவட்டப் போட்டிக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். வழக்கம்போல் நேரக்கணிப்பாளர்கள் போதவில்லை. நீங்கள் வருவதானால் நோட்டையும் எடுத்து வாருங்கள்.