நார்வேயின் செயற்கை நுண்ணறிவு விதிகள் குறித்து வழிகாட்டுதல் வேண்டும்

குழுவிலுள்ள பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் நாங்கள் நால்வர் சேர்ந்து நடத்தும் சிறிய மென்பொருள் நிறுவனம், நார்வேயிலுள்ள வாடிக்கையாளர் ஒருவருக்காக, வேலை விண்ணப்பங்களை ஆராய்ந்து வரிசைப்படுத்தும் செயலியை உருவாக்கி வருகிறது.

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு அன்று. ஆயினும் 1994-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்தின்படி, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவற்றைப் போலவே அதுவும் ஒன்றியத்தின் சந்தை விதிகளை, இரு தரப்புப் பிரதிநிதிகளும் அடங்கிய கூட்டுக்குழுவின் முடிவு வழியாகத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்த ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தையும் அவ்வாறே ஏற்க அந்நாடு முனைந்துள்ளது. ஆட்களைத் தேர்ந்தெடுக்க உதவும் மென்பொருளை அச்சட்டம் அதிக இடருள்ள வகையில் வைத்து, மனிதக் கண்காணிப்பு, பதிவுகளைப் பேணுதல், பயிற்சித் தரவின் தரம் எனப் பல கடமைகளை விதிக்கிறது. இது நியாயம் என்றே கருதுகிறேன். நம்மூர்ப் பிள்ளையின் விண்ணப்பத்தை ஓர் இயந்திரம் காரணம் சொல்லாமல் ஒதுக்கினால் நாம் பொறுப்போமா?

எங்கள் ஐயம் வேறு. செயலியை வாடிக்கையாளர் தம் பெயரிலேயே வெளியிடுவார் என்றால், சட்டம் சொல்லும் ‘வழங்குநர்’, அதாவது இக்கடமைகளுக்கு முதன்மைப் பொறுப்பாளர், அவரா, எழுதிக் கொடுக்கும் நாங்களா? பொறுப்பு எங்களுடையது என்றால், வெளிநாட்டு வழங்குநர் ஒன்றியத்திற்குள் நியமிக்க வேண்டிய அதிகாரம் பெற்ற பிரதிநிதி நார்வேயிலேயே இருந்தால் போதுமா? ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறோம். ஐரோப்பியச் சட்டம் அறிந்த வழக்கறிஞர்களோ, நார்வேயில் பணிபுரியும் நெல்லைச் சீமை அன்பர்களோ இருந்தால் இங்கேயே பதிலளிக்க வேண்டுகிறேன். திருநெல்வேலியில் இருப்பவர்கள் எனில் நேரில் வந்து சந்திக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம்.