பதில்: பிஜிபிஆர் - புல்லுக்கும் பொருந்துற மாதிரி ஒரு தமிழ்ச் சொல்

வணக்கம்,

வேரை ஒட்டி வாழ்ந்து பயிர் வளர உதவற பாக்டீரியாவை ஆங்கிலத்துல சுருக்கமா பிஜிபிஆர்ங்கறாங்க, அதுக்கு தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு ஓடற இந்த இழையை முழுசா படிச்சேன். 'பயிர் வளர்ச்சியை ஊக்குவிக்கும் வேர்மண்டல பாக்டீரியா'ன்னு பாடப்புத்தகத்துல போடலாம், தப்பில்ல, ஆனா நாலு மாடு வச்சிருக்கறவர் கடையில போய் இவ்வளவையும் சொல்லிக் கேக்க முடியாது. அதுக்காக 'உயிர் உரம்'னே விட்டுடலாம்னு இங்க ஒரு ஐயா எழுதினதை என்னால ஏத்துக்க முடியல. உரம்னா பயிருக்கு நேரடியா தீனின்னு நம்ம மனசுல பதிஞ்சுபோச்சு, அதனாலதான் இந்த வகை பாக்டீரியாவுல ஒண்ணான அசோஸ்பைரில்லம் பாக்கெட்டை யூரியாவோட ஒண்ணா கலந்து வீசறதும், வெயில்ல போட்டு வைக்கறதும் நடக்குது. உள்ள இருக்கறது உயிரு, அது செத்துட்டா மிச்சம் வெறும் நிலக்கரித் தூள்தான்.

இழையில இன்னொரு தம்பி சொன்ன 'வேர்முடிச்சு நுண்ணுயிர்' வேலிமசால், தட்டைப்பயறு மாதிரி வேர்ல முடிச்சு விடற பயறு வகைக்கு சரி. கம்பு நேப்பியர், கினியா புல், காங்கேயம் பக்கம் கொரங்காடுங்கற மேய்ச்சல் நிலத்துல வளர்ற கொழுக்கட்டைப் புல், இதுங்க வேர்ல முடிச்சே கிடையாதே! புல்லுல இந்த பாக்டீரியா வேரோட மேல்பரப்புலயும் கொஞ்சம் உள்ளேயும் குடியிருக்கு, அவ்வளவுதான். காத்துல இருக்கற நைட்ரஜனை கொஞ்சம் பிடிச்சுக் குடுக்கும், ஆனா அதைவிட முக்கியமா ஆக்சின் வகை வளர்ச்சி ஹார்மோனை சுரந்து வேரை நல்லா கிளைக்க வைக்குது, வேர்த்தூவி பெருகுது, அதனால ஏற்கனவே மண்ணுல இருக்கற தண்ணியையும் சத்தையும் புல்லு கூடுதலா எடுத்துக்குது. நம்ம சொல்லு இந்த ரெண்டு வேலையையும் தாங்கணும்.

புல்லை மறந்துட்டு இதுக்கு பேர் வைக்கக்கூடாதுன்னு நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. பிரேசில்ல யொஹானா டோபரைனர்ங்கற விஞ்ஞானி அம்மா 1960கள்லயே ஒரு புல்லோட வேர்லதான் தேடினாங்க, பாஸ்பாலம் நொட்டாட்டம்ங்கற மேய்ச்சல் புல்லு, அதுலருந்து அசோடோபேக்டர் பாஸ்பாலிங்கற பாக்டீரியாவை 1966ல வெளியிட்டாங்க. அசோஸ்பைரில்லம் பிரேசிலென்ஸ்னு பேர் வச்சது 1978ல, அதுலயும் அவங்க பங்கு உண்டு. அதே 1978லதான் க்ளோப்பர், ஷ்ரோத்ங்கற ரெண்டு விஞ்ஞானிகளும் முள்ளங்கியில வேலை செஞ்சு இந்த பாக்டீரியா கூட்டத்துக்கு பிஜிபிஆர்ங்கற பொதுப்பேரும் குடுத்தாங்க. அப்புறம் மரியாஞ்செலா ஹங்ரியா அம்மாவோட குழு எம்ப்ராபாங்கற பிரேசில் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துல ஏபி-வி5, ஏபி-வி6ங்கற அசோஸ்பைரில்லம் ரகங்களை வச்சு, சீரழிஞ்ச பிரேக்கியாரியா புல் மேய்ச்சல் நிலங்களை மீட்கறதுக்கு இதைப் பயன்படுத்த முடியும்னு காட்டினாங்க, 2025ல அவங்களுக்கு உலக உணவுப் பரிசும் கிடைச்சுது.

சரி, சொல்லுக்கு வர்றேன். 'வேரூக்கி' சின்னதா அழகா இருக்கு, ஆனா நர்சரியில பதியனுக்கு தடவற பவுடரை ஏற்கனவே வேர் ஊக்கின்னுதான் விக்கறாங்க, குழப்பம் வரும். 'வேர்ப்பங்காளி'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், நம்மூர்ல பங்காளின்னா முதல்ல சொத்துத் தகராறுதான் ஞாபகம் வரும், வேண்டாமே.

என் முன்மொழிவு: வேர்த்துணை நுண்ணுயிர், சுருக்கமா 'வேர்த்துணை'. துணைங்கற சொல்லுல உயிர் இருக்கு, கூடவே இருக்கறதும் இருக்கு, தீனி போடறதுன்னு மட்டும் அர்த்தம் குறுகாது. அப்படியே ஜெர்மன் விஞ்ஞானி ஹில்ட்னர் 1904ல பேர் வச்ச அந்த வேரைச் சுத்தின மண்ணுக்கும் 'வேர்மண்டலம்' வேண்டாம், 'வேரடி மண்'னு போடலாம், எல்லாருக்கும் உடனே புரியும். "கம்பு நேப்பியர் கரணையை நடறதுக்கு முன்னாடி வேர்த்துணைக் கரைசல்ல நனைச்சு எடுங்க, ரசாயன உரத்தோட கலக்காதீங்க" - வாக்கியத்துல போட்டுப் பாத்தேன், உறுத்தல.

இன்னொண்ணு பாக்கி இருக்கு, இனாகுலன்ட், அதாவது விதையிலயோ மண்ணுலயோ சேக்கறதுக்குன்னு தயாரிச்ச உயிருள்ள நுண்ணுயிர்க் கலவை. பாலுக்கு விடற பிரை மாதிரிதான் இதுவும், கொஞ்சமா விட்டா தானா பெருகணும், அதனால 'நுண்ணுயிர்ப் பிரை'ன்னு வைக்க ஆசைப்படறேன். ஆனா சில ஊர்ல புரைங்கறாங்க, சில ஊர்ல உறைங்கறாங்க. உங்க பக்கம் எது வழக்கம்னு எழுதுங்க, அதைப் பாத்துட்டு நம்ம சொல் பட்டியல்ல ஏத்திடலாம்.