ஆம்பியன்ஸ் மைக்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். திங்கள்கிழமை வகுப்பு. திறந்தவெளிக் கச்சேரியை வானொலியில் நேரடியாக ஒலிபரப்புவது எப்படி என்று பாடம்; திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாடுபவர்களுக்கு வைக்காமல், கூட்டத்தின் சத்தத்தையும் கைதட்டலையும் பிடிப்பதற்காக வைக்கிற ஆம்பியன்ஸ் மைக்கில் வந்து நிற்கிறேன். 'பின்னணி ஒலி' என்றால் பிள்ளைகள் சினிமாவுக்குப் போய்விடுகிறார்கள். ஞாயிறு இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்.

மறுமொழி:
அம்மா, சூழொலி. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் ஒலி என்று முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. 'கள ஒலி' மட்டும் வேண்டாம், புணர்த்தினால் களவொலி ஆகிவிடும்.

மறுமொழி:
சூழொலி என்றால் தியேட்டரின் சரவுண்ட் சவுண்ட் இல்லையா? கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவப் பொருள, அதாவது ஓசை என்னும் பொருள் தருபவை, என்கிறது தொல்காப்பிய உரியியல். அடுத்த நூற்பாவிலேயே அழுங்கலுக்கு இரக்கம், கேடு என்றும் பொருள் வருவதால் அது போகட்டும். கலி என்றால் இன்று கலியுகம்தான். சும்மை காதில் 'சும்மா' என்று விழும். மிஞ்சுவது கம்பலை, பலர் கூடிய இடத்தின் மொத்த ஓசை. இதைவிட என்ன வேண்டும்?

மறுமொழி:
ஐயா, 'கண்ணீரும் கம்பலையுமாக' என்பதுதானே மாணவர்களுக்குத் தெரியும்? இழவு வீட்டு மைக் என்று நினைப்பார்கள்.

மறுமொழி:
நான் ஓ.பி. வேனில் (வெளியிடங்களிலிருந்து ஒலிபரப்பும் வண்டியில்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த மைக் என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி மைக் இருந்தால் பாட்டு அதில் பத்தில் ஒரு நொடி பிந்தித்தான் விழும், அதை ஏற்றி வைத்தால் வீட்டில் கேட்பவருக்குத் தாளம் இரண்டு இரண்டாகக் கேட்கும். அதனால் பாடும்போது இறக்கி வைப்போம், நாட்டை ராகக் கீர்த்தனை முடிந்து கௌளை ராகக் கீர்த்தனை தொடங்குமுன் மெல்ல ஏற்றுவோம். அந்தச் சில நொடியில்தான் வீட்டில் இருப்பவர் காவிரிக்கரைக்கு வந்து உட்காருகிறார். அடியோடு மூடினால் ஒலிபரப்பு நின்றுவிட்டது என்று ரேடியோவைத் தட்டுவார்கள். ஆக அது கூட்டத்தின் மைக், இடத்தின் மைக். 'பந்தல் மைக்' என்று எழுதுங்கள், யாரும் அகராதி புரட்ட வேண்டாம்.

மறுமொழி:
பந்தலே போடாத மைதானத்தில்? 'மைக்' எப்போது தமிழாயிற்று? அவையொலிவாங்கி என்றால் கேட்பவர்களும் வந்துவிடுகிறார்கள், அவையடக்கம் நமக்குப் பழகிய சொல்தான்.

மறுமொழி:
கைதட்டல் அவையொலி, சரி. காற்றும் பறவையும் எந்த அவை?

மறுமொழி:
எல்லோருக்கும் நன்றி. முதலில் வந்த சூழொலியையே எடுத்து, சூழொலிவாங்கி என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், பக்கத்தில் ஆம்பியன்ஸ் மைக் என்றும் போட்டிருக்கிறேன். பந்தல் மைக் விளக்கத்தை வகுப்பில் அப்படியே சொல்லப்போகிறேன்.

மறுமொழி:
அச்சுக்குப் போன பின் சொல்வதற்கு மன்னிக்கவும். 'ஒலிவாங்கி' ஒரே சொல்லாக ஊன்றிவிட்டது. சூழ் + ஒலிவாங்கி என்று பிரித்தால் மைக்தான் நம்மைச் சூழ்ந்து நிற்கிறது. கம்பலையில் இந்தக் குழப்பம் இல்லை. அடுத்த பதிப்பிலாவது பாருங்கள் அம்மா.