ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) படிப்புக்கு டி&டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டு) விதிகள் சரிவருமா?

ஹட்டன்பகடை: கணிதப் படிப்புக்கு மணித்தியாலத்துக்கு 10 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கொடுத்தால் சரியா அண்ணே?

மலைமந்திரி: நேரத்துக்குப் புள்ளி கொடுத்தா கொப்பியைத் திறந்து வச்சிட்டு சும்மா உட்கார்ந்திருப்பாங்க தம்பி. செஞ்சு முடிச்ச கணக்குக்குக் கொடுங்க. தெரிஞ்ச கணக்கையே திரும்பச் செஞ்சா பூச்சியம். விளையாட்டில் சும்மா எலி அடிச்சே லெவல் ஏத்துற மாதிரி விடக்கூடாது! முதல் படி கிட்ட இருக்கணும்: டி&டி ஐந்தாம் பதிப்பில் 2ஆம் லெவலுக்கு மொத்தம் 300 எக்ஸ்பி, 3க்கு 900, 4க்கு 2700.

பண்டாரவளை20: கூட்டாளி இருந்தா ‘அட்வான்டேஜ்’. விளையாட்டில் அதுக்கு 20 பக்கப் பகடை ரெண்டை உருட்டிப் பெரியதை எடுப்போமே, 11 அல்லது அதுக்கு மேல தேவைன்னா 50 சதவீத வாய்ப்பு 75 ஆகும். பாஸ்பேப்பரை (பழைய பரீட்சை வினாத்தாளை) ரெண்டு பேரும் தனித்தனியாச் செஞ்சு, பிறகு விடை ஒப்பிடணும். பார்த்து எழுதினா உருட்டினது ஒரே பகடைதான்.

ஹட்டன்பகடை: இரவு முழுக்கப் படிக்கிறது?

மலைமந்திரி: விளையாட்டில் ‘லோங் ரெஸ்ட்’ (நீண்ட ஓய்வு) 8 மணித்தியாலம், அதில் 6 தூக்கம். அதை வெட்டாதீங்க.