பனங்கொட்டையும் இரண்டாம் வருகையும்: யாராவது உதவுங்களேன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் குளத்தங்கரையில் பனங்கொட்டை ஊன்றலாம் என்று பேசி, இரண்டு சாக்கு சேர்த்தும் வைத்துவிட்டோம். மூத்த அண்ணன் ஒருவர், "பனை காய்க்கப் பதினைந்து வருஷம் ஆகும் தம்பி, அதுக்குள்ள ஆண்டவரே வந்துருவார்" என்று முடித்துவிட்டார். (அவர் வீட்டு மாடிக்குப் போன மாதம்தான் கான்கிரீட் போட்டார்!)

அவர் காட்டிய வசனம் 2 பேதுரு 3:10, பூமி எரிந்து அழிந்துபோம் என்பது. வறட்சி, வெள்ளம், போர் எல்லாமே அவருக்கு மத்தேயு 24-இல் இயேசு சொன்ன கடைசிக்கால அடையாளங்கள். நாம் செய்ய ஒன்றுமில்லையாம். 1844-இல் அமெரிக்காவில், இயேசுவின் இரண்டாம் வருகை நெருங்கிவிட்டது என்று பிரசங்கித்த வில்லியம் மில்லரை நம்பிய சிலர், அக்டோபர் 22 அன்று அவர் வந்துவிடுவார் என்று விளைந்த பயிரை அறுக்காமலே காத்திருந்தார்கள். மறுநாளும் வழக்கம்போல் விடிந்தது.

வேலை செய்யாமல் திரிந்த தெசலோனிக்கேயரைப் பவுல் கண்டித்தது என் கைவசம் இருக்கிறது. ஆனால் அந்த 3:10-இல், பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 'எரிந்துபோம்' என்ற இடத்தில் 'கண்டறியப்படும்' என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. அதைத் தமிழில் எளிமையாக விளக்கும் கட்டுரையோ பிரசங்கமோ யாரிடமாவது உண்டா? அப்புறம், அண்ணன் மனம் நோகாமல் எப்படிப் பேச்சை எடுப்பது என்றும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுகிறோம். கொட்டை சாக்கிலேயே முளைவிடத் தொடங்கிவிட்டது.