ஹெம்லாக்கைக் கொத்தமல்லி என்று நினைத்த காலை

கார்த்திக்: [படம்] சித்தி, எங்கள் கென்ட் வீட்டுக்குப் பின்னால் நடைபாதை ஓரமாக இது மண்டிக் கிடக்கிறது. கொத்தமல்லி மாதிரியே இருக்கிறது. காட்டுப் பார்ஸ்லி என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். துவையல் அரைக்கலாமா?

அம்மாச்சி: கசக்கி மோந்து பாருப்பா.

மீனா சித்தி: வேண்டாம் அம்மா. கார்த்திக், கை வைக்காதே. தண்டை மட்டும் கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்பு.

கார்த்திக்: [படம்] முடியே இல்லை, வழவழவென்று இருக்கிறது. ஊதாத் திட்டுகள் தெரிகின்றன.

மீனா சித்தி: அது ஹெம்லாக். கி.மு. 399-இல் சாக்ரடீஸுக்குக் கொடுத்த நஞ்சு இந்தச் செடியுடையதுதான். உடம்பில் ஏறினால் தசைகள் செயலிழந்து மூச்சு நின்றுவிடும். இலை, தண்டு, வேர், விதை எல்லாமே விஷம். வேகவைத்தால் போய்விடும் என்றும் நம்பாதே.

சுதா: ஐயோ! அப்புறம் ஏன் பார்ஸ்லி என்றார்?

மீனா சித்தி: அவர் சொன்னது கௌ பார்ஸ்லியாக இருக்கும். மே மாதம் வேலியோரமெல்லாம் வெள்ளையாகப் பூக்குமே, அது. அதன் தண்டில் வரிவரியாகப் பள்ளமும் மெல்லிய முடியும் இருக்கும். சில நேரம் ஊதா நிறம் ஏறும், ஆனால் இப்படித் திட்டுத் திட்டாக வராது. இளம் இலையைச் சாப்பிடலாம். ஆனால் அந்தச் சுமாரான ருசிக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா? இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பறித்ததில்லை.

அம்மாச்சி: அந்த இங்கிலாந்தில் பறித்துச் சமைக்க ஒன்றுமே இல்லையா?

மீனா சித்தி: இருக்கிறது அம்மா, அலெக்சாண்டர்ஸ்! ரோமானியர்கள் கொண்டுவந்த செடி என்பார்கள். செலரி வருவதற்கு முன் இங்கே அதுதான் தோட்டக் கீரை. இப்போது கடலோரச் சாலைகளில் தானாக வளர்கிறது. இலை அகலமாகப் பளபளவென்று இருக்கும். பூ மஞ்சள் கலந்த பச்சை, வெள்ளை இல்லை. பூக்கும் முன் இளந்தண்டை வெட்டி, தோல் சீவி, உப்புப் போட்டு வேகவைத்துத் தேங்காய்ப்பூ போட்டுத் துவட்டுவேன். செலரி வாசனையோடு லேசான கசப்பு. கோடையில் விதை கறுத்துவிடும். காயவைத்துப் பொடித்தால் மிளகுத்தூள் போலத் தூவலாம். ரசத்தில்கூடப் போட்டிருக்கிறேன்.

கார்த்திக்: அது எங்கள் பக்கமும் இருக்குமா?

மீனா சித்தி: நிறைய இருக்கும். ஆனால் தனியாகப் போகாதே. ஓடைக்கரை, சதுப்பு நிலம் பக்கம் எதையுமே பறிக்கக் கூடாது. அங்கே இதே குடும்பத்தில் வாட்டர் டிராப்வர்ட் என்று ஒன்று வளரும், வேர் கிழங்கு போலவே இருக்கும். ஹெம்லாக்கைவிட மோசமானது. இன்னொன்று, நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் எந்தச் செடியையும் வேரோடு பிடுங்குவது இங்கே சட்டப்படி குற்றம்.

கார்த்திக்: சரி சித்தி. படம் எடுக்கும்போது இலையைக் கொஞ்சம் தொட்டுவிட்டேன்.

மீனா சித்தி: முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. குழந்தையைத் தூக்காதே.

கார்த்திக்: கழுவிவிட்டேன்.

மீனா சித்தி: சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். அலெக்சாண்டர்ஸ் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன்.

அம்மாச்சி: துவட்டியதும் படம் போடுங்கள்.