டிஎல்எஸ் சோதனைக் கருவியை வலையமைப்பில் எங்கே பொருத்துவது?

கேள்வி:
வணக்கம். கொள்ளுப்பிட்டியில் தலைமை அலுவலகமும் வெளியூர்களில் சில கிளைகளும் உள்ள நிதி நிறுவனமொன்றின் வலையமைப்பைக் கவனித்து வருகிறேன். டிஎல்எஸ் (இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் நெறிமுறை) கொண்டு மறைகுறியாக்கப்பட்ட போக்குவரத்தைத் திறந்து சோதிக்கும் கருவியொன்றை வாங்க நிர்வாகம் இணங்கியுள்ளது. அதைப் பயர்வோலுக்கு (வலையமைப்பின் காவல் அரணுக்கு) உட்புறம் வைப்பதா, வெளிப்புறம் வைப்பதா? போக்குவரத்தின் பிரதியை மட்டும் கருவிக்குக் கொடுத்தால் போதாதா?

பதில் 1:
போதாது, ஐயா. பிரதியை வைத்துத் திறப்பது, சேவையகத்தின் ஆர்எஸ்ஏ (ஒரு மறைகுறியாக்க முறை) திறவுகோல் நம் கையில் இருந்த காலத்து வழி. 2018இல் வெளியான டிஎல்எஸ் 1.3 அந்தத் திறவுகோல் பரிமாற்றத்தையே நீக்கிவிட்டது. வெளியே செல்லும் போக்குவரத்திலோ பிறருடைய திறவுகோல் நமக்கு என்றுமே கிடைத்ததில்லை. ஆகவே கருவி நடுவில் நின்று, பணியாளரின் இணைப்பைத் தன்னிடமே முடித்து, சேவையகத்துக்குப் புதிய இணைப்பொன்றைத் திறந்து, உங்கள் நிறுவனத்தின் ரூட் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையான மூலச் சான்றிதழை) நம்பும் கணினிகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டும். முகவரி மாற்றம் (உள் கணினிகளின் முகவரிகள் பொது முகவரியாக மாறுவது) நடப்பதற்கு முன், அதாவது பயர்வோலுக்கு உட்புறம் வையுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கணினி என்பதே பதிவில் தெரியாது. இரண்டு இணைய இணைப்புகள் இருந்தால், போவதும் வருவதும் ஒரே கருவி வழியாக அமைய வேண்டும். உலாவிகள் பயன்படுத்தும் புதிய குயிக் நெறிமுறைக்கான யுடிபி 443 வாயிலை மூடிவிட்டால், அவை கருவி திறக்கக்கூடிய வழக்கமான டிசிபி வழிக்குத் திரும்பிவிடும். விற்பனையாளர் தாளில் காட்டும் வேகத்தை நம்பாமல், திறந்து சோதிக்கும்போது கிடைக்கும் வேகத்தை எழுத்தில் கேளுங்கள்.

பதில் 2:
இடத்தைவிட, எதைத் திறக்கக் கூடாது என்பதே கடினமான முடிவு என்பது என் கருத்து. பணியாளரின் சொந்த வங்கி, மருத்துவத் தளங்களை விலக்குப் பட்டியலில் இடுங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்திற்கொண்டு, சோதனை நடப்பதை எல்லோருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். குறித்த சான்றிதழை மட்டுமே ஏற்கும் செயலிகளும், இரு பக்கமும் சான்றிதழ் காட்டும் இணைப்புகளும் திறந்தால் அறுந்துவிடும். மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிடும் தனித் திறவுகோல் களவுபோனால், அதை நம்பும் எல்லாக் கணினிகளையும் ஏமாற்றலாம். அதைப் பாதுகாப்பு வன்பொருளிலேயே வையுங்கள். கருவி மறுபக்கச் சான்றிதழைச் சரிவரச் சோதிக்காவிட்டால் பழுதான தளமும் பணியாளருக்கு நல்லதாகவே தோன்றும். அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான யுஎஸ்-செர்ட் 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விருந்தினர் வைஃபைக்கும் இதே ஏற்பாடுதானா?

பதில் 2:
வேண்டாம். அவர்களுடைய கைபேசியில் உங்கள் ரூட் சான்றிதழை நிறுவ உங்களுக்கு உரிமையில்லை. நிறுவினாலும் ஆண்ட்ராய்டு 7 முதல் பெரும்பாலான செயலிகள் அதை ஏற்பதில்லை. தனி விலானில் (பிரிக்கப்பட்ட உள் வலையமைப்பில்) பிரித்து, டிஎன்எஸ் வடிகட்டலோடு (தீங்கான தளப் பெயர்களைத் தடுப்பதோடு) விட்டுவிடுங்கள்.